கோயில் வருவாயில் வாங்கிய குதிரைகள்

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தின் கணக்கை எழுதிவைத்தார். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் தன் லாயத்திலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு விலை 220 பொன் தினார். கப்பலில் வரும் வழியில் குதிரை செத்துவிட்டாலும் பாண்டியன் அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வஸ்ஸாஃப் சொல்லிவிடுகிறார். கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்திருந்த கணிகையர் கட்டிய வரியிலிருந்தும் வந்தது. ஈசனுக்கும் பெருமாளுக்கும் எழுதிவைத்த நிலத்தில் விளைந்த நெல் காசாகி, மெக்காவை நோக்கித் தொழும் வணிகரின் கைக்குப் போயிருக்கிறது. அதைத் தவறென்று யாரும் நினைத்ததாக அந்தக் கணக்கில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் குதிரைகள் இறங்கிய முக்கியத் துறை காயல். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்தது. நான் இருக்கும் விக்கிரமசிங்கபுரம் அதே ஆற்றின் தலைமாட்டில், பொதிகை மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தண்ணீர் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வயல்களை நனைத்துக்கொண்டே போய்ப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. மலையிலிருந்து கடல்வரை ஆற்றின் நீளமே சுமார் 125 கிலோமீட்டர்தான். ஆனால் மேலாற்றுக்காரர்களான நமக்குக் கீழாற்றின் கதை அவ்வளவாகத் தெரியாது. சிவஞான முனிவர் பிறந்த ஊர் இது, நமச்சிவாயக் கவிராயர் வாழ்ந்த ஊர் இது என்று பெருமையாகச் சொல்வோம். சிவஞான மாபாடியம் எழுதிய முனிவர் மாற்றுக் கருத்தினரை மறுத்து எழுதிய கண்டன நூல்கள் இன்றும் படிக்கக் கூர்மையானவை. மலையடியில் சமயத்தைப் பற்றி ஏட்டில் வாதாடினார்கள். முகத்துவாரத்தில் வெவ்வேறு சமயத்தார் ஒரே துறையில் சரக்கை இறக்கினார்கள். இரண்டும் ஒரே ஆற்றின் வரலாறு. முதலாவதை நாம் பள்ளியில் படித்தோம், இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை.

சமயங்கள் கூடி வாழ்ந்த துறைமுகம் என்றால் உலகம் மத்தியதரைக் கடலைத்தான் காட்டும். இத்தாலியின் லிவோர்னோவை உதாரணமாகச் சொல்வார்கள். தஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் சாசனங்கள் வெளியிட்டு, யூதர், துருக்கியர், மூர்கள், ஆர்மீனியர், கிரேக்கர், பாரசீகர் என எல்லா நாட்டு வணிகரையும் அங்கே குடியேற அழைத்தார். ஐரோப்பா மதத்துக்காக வெட்டிக்கொண்டு செத்த காலத்தில் யூதர்கள் அந்த ஊரில் சேரிச்சுவர் இல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்கள் மத்தியதரைக் கடல் செம்பவளத்தைக் கோவாவுக்கு அனுப்பி, அங்கிருந்த இந்து வணிகர்களிடம் வைரம் வாங்கினார்கள். முகம் பார்க்காமல் கடிதத்தை நம்பி நடந்த வணிகம் அது. அதே லிவோர்னோவில்தான் பிடித்துவரப்பட்ட முஸ்லிம்கள் அடிமைகளாகத் துடுப்பு வலித்தார்கள். அந்தப் பெருங்கோமகனின் சிலைப் பீடத்தில் நான்கு அடிமைகள் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வரவேற்பும் விலங்கும் ஒரே துறையில் இருந்தன. நம் காயலையும் இப்படி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். காயலின் கதை லிவோர்னோ சாசனத்துக்கு ஏறத்தாழ 300 ஆண்டு மூத்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இந்தக் கரைக்கு வந்தார். ஹோர்முஸ், கீஷ், ஏடன், அரேபியத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் குதிரையும் சரக்கும் ஏற்றிய கப்பல்கள் காயலைத் தொட்டுப் போவதாக எழுதினார். இங்குள்ள அரசன் நியாயமாக ஆள்கிறான், வெளிநாட்டு வணிகரை நன்றாக நடத்துகிறான், அதனால் அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்றும் எழுதினார். வணிகரை ஏன் நன்றாக நடத்தினான் என்பதற்கும் அவருடைய குறிப்பிலேயே விடை இருக்கிறது. குதிரை இந்த நாட்டில் பெருகவில்லை. வந்த குதிரைகளும் பராமரிப்புத் தெரியாமல் சீக்கிரமே செத்தன. ஆண்டுதோறும் புதிதாக வாங்கியே தீர வேண்டும். அரபிக் குதிரை இல்லாமல் பாண்டியனின் படை இல்லை. மாணிக்கவாசகர் கதையில்கூட அமைச்சர் அரசன் பணத்தோடு போவது குதிரை வாங்கத்தானே.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில் கீஷ் தலைவரின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய நாட்டில் அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். காயல் உட்பட மூன்று துறைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. கோயில் கட்டிய அரசன் தன் கடல்வாசலின் சாவியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்திருக்கிறான். தகியுத்தீன் இறந்ததும் அவருடைய செல்வத்தை அரண்மனை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. மகன் சிராஜுத்தீன் 2 லட்சம் தினார் கொடுத்துச் சொத்தையும் காப்பாற்றிக்கொண்டார், தந்தையின் பதவியையும் பெற்றார் என்கிறார் வஸ்ஸாஃப். எனக்கு இந்தச் செய்தி மிக முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்துச் சகிப்பை நாம் பூவும் புகையுமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அது விலை பேசி நடந்தது. விலை பேசியதால்தான் இரு தரப்பும் அதைக் காத்தன.

கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. இராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகச் சாமந்தர் என்ற முஸ்லிம் தலைவர் எடுப்பித்த பிழார்ப்பள்ளிக்கு அரசன் நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தின் ஆவணம் பெருமாள் கோயில் சுவரில் நின்றது. காயலை அடுத்த காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் ஒன்றோ வேணாட்டு அரசர் பெயரால் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று வழங்கியது. துறையில் ஏறி இறங்கும் சரக்கில் பள்ளிக்கு ஒரு பங்கு என்று அரசனே ஏற்பாடு செய்தான். வணிகம் பெருகினால் பள்ளியின் வருவாயும் அரசனின் வருவாயும் சேர்ந்தே பெருகும்.

காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களைத் தொழுகை இல்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கல் மண்டபம். கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மறுபடி சதுரம், தலையில் கிளை விரித்த போதிகை. நம் ஊர்க் கோயில் மண்டபத் தூண்களின் அதே வரிசை. சதுரத்தின் முகப்பில் கோயிலாக இருந்தால் ஒரு யாளியோ அனுமனோ இருக்கும், இங்கே தாமரையும் கொடியும் இருக்கின்றன. உருவத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் தச்சன் தனக்குத் தெரிந்தபடியே செய்திருக்கிறான். தூணைக் கையால் தொட்டுப் பார்த்தால் உளி நடந்த விதம்கூட நம் பக்கத்துக் கல்வேலைதான். அந்தக் கல்தச்சன் காலையில் எந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தான் என்று பள்ளியைக் கட்டியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

முத்துக்குளிப்பிலும் இப்படித்தான். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டி மந்திரிக்கும் அந்தணருக்கு என்று மார்க்கோ போலோ கணக்குச் சொல்கிறார். சுறாவைக் கட்டுகிறவரைக் கடல்கட்டி என்பார்கள். காலம் மாறி, முத்துக்குளிக்கும் பரவர்கள் கத்தோலிக்கரான பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் அதிகாரி டென்னன்ட், அப்போதிருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர் மந்திரிக்க, முஸ்லிமும் பரவரும் மூழ்கினார்கள். சங்குக் குளிப்பு இன்னும் அழகு. பரவரோ முஸ்லிம் குளியாளியோ மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கை வணிகர் கப்பலேற்றி வங்காளத்துக்கு அனுப்ப, அது வளையலாக அறுக்கப்பட்டு இந்து மணமகளின் கையில் ஏறியது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பாரத்தை யார் சுமந்தார்கள்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பல பாகம் ஆழத்துக்கு இறங்கியவனின் நுரையீரல் சுமந்தது. கோயில் கணிகையர் கட்டிய வரி சுமந்தது. அரசனும் வணிகனும் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டார்கள், மூழ்கியவனை யாரும் அந்த அளவுக்கு மதிக்கவில்லை. பின்னால் வந்த உடைப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உடைப்பு 1530களில் வந்தது. தூத்துக்குடியில் காதணியோடு காது அறுபட்ட ஒரு சண்டை, முத்துக்கரையில் யாருக்கு மேல்கை என்ற பழைய பகையோடு சேர்ந்து பரவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இரத்தக்களரியாக மூண்டது. குதிரை வணிகத்தில் இருந்த ஜோவான் த குருஸ் என்ற மதம் மாறிய செட்டியார், போர்த்துக்கீசியரிடம் போங்கள் என்று பரவர்களுக்கு யோசனை சொன்னார். பரவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். 1536, 1537இல் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து சேர்ந்தார். முத்துக்கரையை முழுசாகத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்த அரசு ஒன்று இங்கே காலூன்றியது அப்போதுதான். பாண்டியனும் பங்கு கேட்டவன்தான், ஆனால் மற்றவர்களின் பங்கை ஒழிக்கவில்லை. போர்த்துக்கீசியர் பீரங்கிக் கப்பலோடு வந்து பங்காளிகளையே எதிரிகளாக்கினார்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த புன்னைக்காயலும் காயல்பட்டினமும் இரண்டு உலகங்களாயின.

அந்தப் பிளவின் நடுவிலும் புன்னைக்காயலில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்பட்ட ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அங்கே தங்கித் தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586இல் அச்சான அடியார் வரலாறும் அவருடைய உழைப்பு. இந்திய மொழி எழுத்தில் அச்சடித்த முதல் புத்தகங்கள் முத்துக்குளிப்பவர்களுக்காக உண்டானவை என்பதைத் தாமிரபரணிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் புரொட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கப் பாதிரிமாரைத் துரத்தினார்கள். ஆனால் பரவர்களின் மாதாவை அவர்களால் அகற்ற முடியவில்லை. இன்று ஆகஸ்டு 5ஆம் தேதி தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் எல்லா மதத்தாரும் கூட்டத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

இதற்குள் ஆறு தன் வேலையைச் செய்துவிட்டது. வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. சங்ககாலத் துறையான கொற்கை தூர்ந்து காயல் எழுந்தது, காயல் தூர்ந்து புன்னைக்காயல் எழுந்தது, பிறகு வணிகம் முழுக்கத் தூத்துக்குடிக்குப் போனது. கொற்கை இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் பனையும் சூழ்ந்த சின்ன ஊர். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில், அந்தக் காயல் இருந்த பழையகாயல் பக்கம் நடந்தபோது சீனப் பீங்கான் துண்டுகளும் அரேபிய மண்பாண்ட ஓடுகளும் தரையில் சிதறிக் கிடந்ததைக் கண்டு எழுதினார். இன்றைய பழையகாயலில் உப்பளமும், அணுமின் நிலையங்களுக்கான சிர்க்கோனியம் தயாரிக்கும் மத்திய அரசு ஆலையும்தான் கண்ணில் படும்.

எங்கள் ஊர் இந்தக் கதைக்குள் வருவது 1880களில். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை வைத்தார்கள். சங்கு ஊதினால் மூன்று மதத்தாரும் ஒரே வாசல் வழியாக ஷிப்டுக்குப் போன ஊர் விக்கிரமசிங்கபுரம். பிற்பாடு மதுரா கோட்ஸ் ஆன அந்த ஆலையை ஊர்க்காரர்கள் வெறுமே மில் என்பார்கள். அதே ஹார்வி கம்பெனிதான் தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கப்பல்களுக்கு ஏஜெண்டு. அந்தக் கப்பல்களுக்கு எதிராகத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 10 லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, 2 லட்ச ரூபாய்க்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் வாங்கினார். கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். சைவ வேளாளர் தொடங்கி, மறவர் தலைமை ஏற்று, முஸ்லிம் வணிகர் ஐந்தில் ஒரு பங்கு போட்ட கப்பல் கம்பெனி. குதிரைக் காலத்துக் கூட்டு அறுநூறு ஆண்டு கழித்து மறுபடி ஒருமுறை எழுந்து நின்றது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். இந்தமுறை நடுவில் அரசன் இல்லை. 1908இல் ஹார்விகளின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. வழிநடத்தினார், அதே ஆண்டு மார்ச்சில் கைதானார், கம்பெனியும் நொடித்தது.

இன்று? தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, வ.உ.சி. பெயரையே தாங்குகிறது. கண்டெய்னர் பெட்டிகள் கிரேனில் ஏறி இறங்குகின்றன. யார் அனுப்பினார், யார் வாங்குகிறார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. காகிதமும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. வணிகம் பன்மடங்கு பெருகியது, ஆனால் வணிகத்தால் முகம் பார்த்துப் பழகுவது குறைந்துவிட்டது. முத்துக்குளிப்பும் 1961க்குப் பிறகு நடக்கவில்லை.

காயல்பட்டினத்துக் கடைத்தெருவில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: “காக்கா, இப்பவும் இந்த ஊர் ஆளுக கொழும்புக்கு மாணிக்கக்கல் யாவாரத்துக்குப் போறாங்களா?”

“கொழும்பெல்லாம் எங்க வாப்பா காலம் தம்பி. எங்க காலத்துல ஹாங்காங். இப்ப பிள்ளைங்க துபாய், அமெரிக்கான்னு போயிடுதுங்க. ஊருக்கு வந்தா மட்டும் சிங்கித்துறை மீன்தான் வேணும்னு நிக்குதுங்க.”

சிங்கித்துறையும் கொம்புத்துறையும் காயல்பட்டினம் நகராட்சிக்குள்ளேயே இருக்கும் கத்தோலிக்க மீனவர் குடியிருப்புகள். 1530களில் பிளந்த கரையில் இன்றைக்கும் ஒரு தரப்பின் மீன் மறுதரப்பின் களறி விருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வணிகம் சுருங்கி மீன்கூடை அளவுக்கு வந்திருக்கிறது, ஆனாலும் அறுந்துவிடவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படி மீதம் இருப்பது பீடிக்கடை. மில்லில் ஆள் குறைந்த பிறகு அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளை ஓட்டுவது பெண்கள் சுற்றும் பீடிதான். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். சுற்றியதைக் கடையில் கொடுக்க வரிசையில் நிற்கும்போது பொட்டு வைத்தவரும் முக்காடு போட்டவரும் செபமாலை அணிந்தவரும் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை ‘வேஸ்டு’ என்று கழித்துப்போட்டால் மூன்று பேருமாகச் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். அங்கே ஒருத்திக்கு ஒருத்தி அரைக்கட்டு கடன் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கூலி மோசம், புகையிலைத் தூள் நெஞ்சைக் கெடுக்கிறது. இதையும் மறைக்க முடியாது. முத்துக்குளிப்பில் போலவே இங்கேயும் பாரம் கீழே இருப்பவர் மேல்தான்.

கடையம் போகும் வழியில் பொட்டல்புதூர் தர்காவில், பாக்தாத்தின் மொகிதீன் ஆண்டவர் பெயரில் நேர்ந்துகொண்டு இந்துக் குடும்பங்கள் பிள்ளைக்கு முடி இறக்கிப் போகின்றன. அதற்குக் கணக்கோ ஒப்பந்தமோ எதுவும் இல்லை. குதிரை வந்த வழியில் ஒரு ஞானியின் பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. குதிரை நின்றபிறகும் பெயர் நிற்கிறது.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேலே பாபநாசம் பக்கமும் பேய்மழை, அணைகள் நிரம்பித் திறந்தார்கள். எங்கள் ஊரைத் தாண்டிய தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. செய்துங்கநல்லூர் பள்ளிவாசல் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டது என்று செய்தித்தாள்களில் வந்தது. அந்த வாரம் அந்தப் பகுதியில் இதைச் செய்தியாகவே நினைக்காத ஆட்களும் நிறைய இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தானே என்றார்கள்.

திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் தாமிரபரணியின் பழைய பெயரைத் தாங்கிப் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் சிவகளை நெல்லும் கொற்கை அகழாய்வுப் பொருட்களும் அங்கே உரிய இடம் பெறுவது நியாயம். ஆனால் இரும்புக்காலத்தோடு கதை முடிந்துவிட்டதாக நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. காயலில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டு ஒன்று, காயல்பட்டினத்துத் தூணின் அச்சுப்படி ஒன்று, அடியார் வரலாற்றின் ஒரு பக்கத்தின் நகல், சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்குப் பத்திரம், குளியாளி காலில் கட்டிய கல் ஒன்று. இவை ஐந்துக்கும் ஒரு கூடம் வேண்டும். விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் முதலில் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.